கயிற்றில் ஒட்டிய மணல்

சென்ற மாதம் மணவாளக்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையில் கடற்கரைப் பக்கம் உலாவி வந்தால் பாதமெல்லாம் கருமணல் ஒட்டிக் கொள்ளும். "காலக் கழுவிட்டு உள்ள வா" என்று மதினி வாசலிலேயே செம்புத் தண்ணீருடன் நிற்பாள்.

அந்த மணலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலை, 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் பரிசோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டுக்குள் தோரியம் இருந்தது. அந்தக் காலத்து காஸ் விளக்கின் மாண்டில் பளிச்சென்று எரியத் தோரியம் வேண்டும். மறு வருஷமே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. நாம் கழுவிக் கொட்டியதைக் கொண்டு எங்கோ விளக்கேற்றினார்கள்!

உள்ளே போனால், அண்ணன் மகள் மடிக் கணினியில் 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற ஆங்கிலத் தொடரைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அமெரிக்காவில் வளரும் தேவி என்ற தமிழ்ப் பெண்ணின் கதை.

"பாத்தியளா அத்தை, அந்தப் பிள்ளைக்க அம்மை நம்ம அம்மையப் போலதான் ஏசுகா!" என்று சிரித்தாள்.

இப்படி ஒரு தேவி திரையேறுவதற்குப் பாதை போட்டவர்களில் பேலா பஜாரியா என்ற பெண்மணியும் ஒருவர். லண்டனில் பிறந்த இந்திய வம்சத்தவர். ஜாம்பியாவில் சில காலம் இருந்து, எட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனார். பெற்றோர் அங்கே கார் கழுவும் நிலையம் நடத்தினார்கள். 1996-ல் ஸி.பி.எஸ். டெலிவிஷனில் உதவியாளராகச் சேர்ந்தவர், 2011-ல் யூனிவர்ஸல் டெலிவிஷனுக்கே தலைவரானார்.

அங்கே மிண்டி கேலிங்கின் தொடர் ஒன்று உருவாயிற்று. மிண்டியின் தகப்பனார் தமிழர்; தாயார் வங்காளி. முதலில் கேட்ட என்.பி.ஸி. வேண்டாமென்றது. அதற்காகக் கதையைக் கட்டிப் பரணில் போட்டுவிடவில்லை. 2012-ல் ஃபாக்ஸ் டெலிவிஷனில் அது வெளிவந்தது. பிற்பாடு அதே மிண்டிதான் லாங் ஃபிஷருடன் சேர்ந்து தேவியைப் படைத்தார். ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவுக்கு வழி பிறக்கிறது, பார்த்தீர்களா?

பஜாரியாவுக்கு எல்லாம் சுகமாகவே நடந்ததா என்றால், இல்லை. 2016-ல் அந்த உத்தியோகம் பறிபோயிற்று. அதே வருஷம் நெட்ஃபிளிக்ஸில் சேர்ந்தார். 2020-ல் உலகம் முழுவதற்குமான அதன் தொடர்கள் அவர் பொறுப்புக்கு வந்தன. மறு வருஷம் 'ஸ்க்விட் கேம்' என்ற கொரிய மொழித் தொடர், அந்நிறுவனத்தில் அதுவரை வந்த எல்லாத் தொடர்களையும் மிஞ்சிவிட்டது. சொந்த மொழியில் சொன்னால் உலகம் கேட்காது என்ற பயம் வீண் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? 2023-ல் படங்களும் அவர் பொறுப்பில் சேர்ந்தன.

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து அகதிகளாகக் கனடா சென்ற தமிழரின் புதல்வி. சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வானவள். அதற்கு முன் காமிரா முன்னால் நடித்து அனுபவமில்லை.

இதையெல்லாம் சொன்னபோது, அண்ணன் மகள் தலையணைக்கடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கதை எழுதியிருக்கிறாள்! மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு வரும் ஒரு கிழவியின் கதை. ஆனால் கிழவி என்னவோ மயிலாப்பூரில் பிறந்தவள்போல் பேசுகிறாள்.

"ஏன் மக்களே, நம்ம பேச்சு எங்கே?" என்றேன்.

"நம்ம பேச்சுல எழுதினா ஆளுவ சிரிப்பாவ அத்தை."

எனக்குச் சுருக்கென்றது. போன தடவை அவள் "அம்மை" என்றபோது, பட்டணத்து விருந்தாளிகள் முன்னிலையில் "அம்மா என்று சொல்லடி" என்று திருத்தியவள் நானேதான்.

சகோதரிகளே, நம் வீட்டுப் பேச்சின் மதிப்பை நமக்கு எடுத்துச் சொல்ல ஒவ்வொரு தடவையும் ஒரு ஜெர்மானியர் வருவாரா? வந்தாலும் லாபம் யாருக்கு? பஜாரியாவைப் போன்றவர்கள் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே போகிற பெண் தன் குரலைக் கொண்டு போகவேண்டுமே! அந்தக் குரலை வாசலிலேயே கழுவி அனுப்பிவிடுகிறோம் நாம்.

ஊர் திரும்பு முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போன வாரம் தபாலில் கதை வந்தது. கிழவியின் முதல் வார்த்தை "அம்மை." நான் சிரிக்கவில்லை, இரண்டு தடவை படித்தேன்.