விசாவின் வகையில் இருக்கிறது பாதுகாப்பு

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் தம் தம்பிக்கு வந்த வளைகுடா விசாவைக் கைப்பேசியில் அனுப்பி, "ஐயா, இது சரியான விசாதானா?" என்று கேட்டிருந்தார். தொண்டிக்கு அருகே கடலோரச் சிற்றூர் அவர்களுடையது. விசாவில் வேலையளிப்பவரின் பெயரே இல்லை. அது அறுபது நாள் சுற்றுலா விசா. "அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்பது முகவரின் வாக்கு. அவர் பெற்ற ஒன்றரை லட்ச ரூபாயில் பெரும்பகுதி நகையை அடகு வைத்துத் திரட்டியது.

கடல் கடந்து பொருளீட்டுவது ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிதன்று. கீழக்கரை வணிகர்களின் சங்கும் முத்தும் நெடுங்காலம் கடல்வழியே வெளியூர்களுக்குச் சென்றன. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே தனுஷ்கோடியில் கப்பலேறினர். இன்று பாக் நீரிணையில் கைதும் படகுப் பறிமுதலும் ஓயவில்லை. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலம் வேறு. வளைகுடா நாடுகளை நோக்கி இளைஞர்கள் திரும்புவதில் வியப்பென்ன?

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு இடம்பெறும். சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு அவர் வேலை விசாவில் செல்லும்போது, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஒப்பந்தம் சரிபார்க்கப்பட்டு அனுமதி வழங்கப்படுகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டணத்தில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கிறது. பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். சுற்றுலா விசாவில் செல்பவருக்கோ இந்த அனுமதி தேவையில்லை. அந்த விலக்கே பதிவுபெறாத முகவர்களின் மூலதனம். அங்கே சென்று கூலி கிடைக்காவிட்டால், காட்டுவதற்கு ஒப்பந்தமில்லை. புகார் கொடுத்தால், அனுமதியின்றி வேலை செய்த குற்றம் தொழிலாளி மீதே திரும்பும்.

இதில் ஒரு முரண் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவுடன் அந்தச் சோதனை நீங்கிவிடுகிறது. அதனோடு கட்டாயப் பாதுகாப்பும் நீங்குகிறது. நம் கடலோர இளைஞர்களில் பலர் இன்று பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். கல்வி வளர வளரச் சட்டத்தின் குடை சுருங்குவதை, ஏட்டளவில் முன்னேற்றம் என்று கொள்ளலாம் போலும்!

மீனவர் நிலை இன்னும் சிக்கலானது. தமிழக மீனவர் பலர் தொழில் செய்யும் ஈரான், சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. வளைகுடாப் படகுகளில் மாதச் சம்பளத்துக்குப் பதிலாகப் பிடிபடும் மீனில் பங்கு என்ற முறையே பெரிதும் வழக்கில் உள்ளது. எழுத்தில் இல்லாத பங்கை எந்தத் தொழிலாளர் நீதிமன்றத்தில் கோருவது? கரோனா முடக்கத்தில் ஈரானில் சிக்கித் தவித்த நம் மீனவர்களை மீட்கக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் வரை செல்ல நேர்ந்தது; 2020 ஜூலை 1 அன்று 687 பேருடன் அது தூத்துக்குடி வந்தடைந்தது.

வேலை விசாவிலும் வகை பார்க்க வேண்டும். குவைத்தில் 20ஆம் பிரிவு வீட்டுப் பணியாளருக்கு உரியது. 18ஆம் பிரிவு தனியார் நிறுவனத்துக்கு உரியது. முன்னதில் சென்று கடையில் வேலை பார்த்தால் அதுவும் விதிமீறலே. வணிகம் செய்ய விரும்புவோருக்கு நிலைமை சற்று எளிது. ஐக்கிய அரபு அமீரகம் 2021 முதல் பெரும்பாலான தொழில்களில் அயல்நாட்டவரின் முழு உரிமையை ஏற்றுள்ளதால், உரிமம் பெற்றுப் பங்குதாரர் விசாவில் தங்கலாம்.

மக்கள் அறியாமையால் மட்டுமே ஏமாறுகிறார்கள் என்று நான் கருதவில்லை. கடனுக்கு வட்டி ஏறும் குடும்பத்துக்குக் காத்திருப்பதும் ஒரு செலவு. பத்து நாளில் கிடைக்கும் தவறான விசா, மூன்று மாதத்தில் கிடைக்கும் சரியான விசாவைவிட மலிவாகத் தோன்றும். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமோ 500 கி.மீ.க்கும் அப்பால் சென்னையில் இருக்கிறது. ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாவையும் முகவரின் பதிவு எண்ணையும் சரிபார்த்துச் சொல்ல ஒரு மேசை அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மீனவரின் பங்கு முறையை எழுத்து வடிவ ஒப்பந்தமாக்க மத்திய அரசு அந்நாடுகளுடன் பேச வேண்டும்.

மாணவரின் தம்பி பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். முகவரிடம் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.