இடுப்பு இளைச்சா உறையை மாத்து, இல்லைனா துப்பாக்கியை இறக்கி வை

இந்த வாரம் மஞ்சளுக்கு மண் அணைக்கிறதைப் பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இன்னைக்கு வேற ஒரு சங்கதி. படிச்சிட்டு, "தோட்டம் தொரவுன்னு எழுதிட்டு இருந்தவருக்கு அமெரிக்கப் பிஸ்டல் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு பையனோ பொண்ணோ அங்க இருக்காங்க. அவங்க இடுப்புல என்ன இருக்குன்னு நாம தெரிஞ்சுக்கிட்டா தப்பில்ல.

என் அக்கா மகன் டெக்சாஸ்ல இருக்கான். கிரீன் கார்டு வாங்கினதும் கைத்துப்பாக்கி ஒண்ணு வாங்கினான். 2021 செப்டம்பர் 1-லேர்ந்து அந்த மாநிலத்துல 21 வயசு முடிஞ்சவங்க, சட்டப்படி தடை எதுவும் இல்லைன்னா, உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போகலாம். வாங்கினது அவன் உரிமை, அதுல நான் தலையிடல. போன வருசம் அக்காவுக்குத் துணையாப் போயி ரெண்டு மாசம் அங்க இருந்தேன். பயல் பேலியோ இருந்து இருபது கிலோ இளைச்சிருந்தான். 38 அங்குல இடுப்பு 33 ஆயிருச்சு. சட்டை பேன்ட்டெல்லாம் புதுசு. துப்பாக்கி உறையும் பெல்ட்டும் மட்டும் பழசு. "உறுத்துது மாமா"ன்னு சொல்லி, துப்பாக்கியைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தான். வீட்டுல நாலு வயசுக் குழந்தை இருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறத் தெரிஞ்ச குழந்தை.

அங்க நம்ம பசங்க நாலு பேரு கூடினா இந்தப் பேச்சு வந்துருது. ரெண்டு கட்சியா நின்னு பேசுறாங்க. ஒரு கட்சி, "துப்பாக்கின்னா உறுத்தத்தான் செய்யும், ஆம்பளையாப் பொறுத்துக்கணும்"னு சொல்லுது. இன்னொரு கட்சி, "உறுத்தினா பையில போட்டுக்கோ, கார்ல வச்சுக்கோ"ங்குது. ரெண்டு கட்சியும் தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒடம்பு மாறினா என்ன ஆகுதுன்னு பாப்போம். குண்டு போட்ட நடுத்தர பிஸ்டல் முக்கால் கிலோவுக்கு மேல இருக்கும். பேன்ட்டுக்கு உள்பக்கமா உறையில சொருகி, பெல்ட்டு பிடிச்சு நிக்கிற சாமான் அது. எடை ஏறினா தொப்பை பிடியை வெளிய தள்ளும், உக்காந்தா குழல் முனை தொடையிடுக்குல குத்தும். எடை இறங்கினா வேற மாதிரி சிக்கல். முன்னாடி சதை தாங்கிட்டு இருந்த இடத்துல இப்ப இடுப்பெலும்பு நேரா உரசும். பெல்ட்டு கடைசி ஓட்டைக்குப் போயும் தொளதொளன்னு நிக்கும், துப்பாக்கி கீழ சரியும், பிடி வெளிப்பக்கம் சாயும். அளவெடுத்த புதுச் சட்டையில அந்தப் புடைப்பு ஊருக்கே தெரியும்.

இது ஒருத்தர் ரெண்டு பேரு பிரச்சினை இல்லீங்க. வாராவாரம் போட்டுக்கிற செமாக்ளூடைடு ஊசியை ஒடம்பு இளைக்கறதுக்குன்னே அமெரிக்காவுல 2021-ல அனுமதிச்சாங்க. அதோட பெரிய ஆய்வுல, சுமார் ஒண்ணேகால் வருசத்துல, சராசரியா நூத்துக்குப் பதினஞ்சு பங்கு எடை கொறஞ்சுது. நூறு கிலோ ஆளு எண்பத்தஞ்சுக்கு வந்துருவான். அந்த ஆளு இடுப்புல துப்பாக்கி இருந்தா, பழைய உறை இன்னொருத்தன் ஒடம்புக்கு வாங்கின உறை மாதிரிதான்.

இப்ப "பொறுத்துக்கோ" கட்சிக்கு வர்றேன். உழவு மாடு வச்சிருந்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. கோடையில மாடு இளைச்சுப் போனா பூட்டாங்கயித்தை இழுத்துக் கட்டுவோம். கழுத்துல புண்ணு வந்தா ஏரை நிறுத்திட்டு மருந்து போடுவோம். "மாடுன்னா வலிக்கத்தான் செய்யும்"னு ஓட்டினவன் மாடு ஒருநா ஏர்லயே படுத்துக்கும். மனுசன் மாட்டை விட மோசம். வலிச்சா சும்மா இருக்க மாட்டான், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கையை வச்சுத் தூக்கி விடுவான், நகத்தி விடுவான், குனிஞ்சு சரி பண்ணுவான். கடையில, கோயில்ல, பார்க்கிங்ல அந்தக் கை போற இடத்தைப் பாக்கிறவனுக்கு ஒரு நொடியில புரிஞ்சிரும். மறைச்சு வச்சதுக்கு அர்த்தமே போச்சு. அதோட, தொடத் தொடத்தான் ஆபத்து. இன்னைக்கு விக்கிற பல பிஸ்டல்கள்ல கட்டைவிரல்ல தள்ளுற பூட்டு கிடையாது. விசையில எது அழுத்தினாலும் வெடிக்கும். விரலா, சட்டை நுனியா, கயிறான்னு அது பாக்காது.

பழைய தோலுறை இன்னும் மோசம். நாள்பட்ட தோல் துவண்டு போயிருக்கும். இளைச்ச இடுப்புக்குப் பெல்ட்டை இறுக்க இறுக்க, உறையோட வாய் அமுங்கி உள்ள மடங்கும். துப்பாக்கியைத் திருப்பிச் சொருகும்போது அந்த மடிப்பு விசைக்குள்ள போயிரும். இந்த மாதிரி வெடிச்சுத் தன் இடுப்பையும் தொடையையும் சுட்டுக்கிட்டவங்க இருக்காங்க. முன்பக்கம் சொருகறவனுக்குக் குழல் முனை தொடையோட பெரிய ரத்தக் குழாயைப் பாத்துத்தான் இருக்கும். அது அறுந்தா சில நிமிசந்தான் கணக்கு. "பொறுத்துக்கோ"ன்னு சொல்றவங்க இதையும் சேத்துச் சொல்லணும்.

அடுத்தது "பையில போடு" கட்சி. இவங்க மேலதான் எனக்குக் கோவம் ஜாஸ்தி.

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்துல ஹேடன்னு ஒரு ஊரு, அங்க ஒரு வால்மார்ட் கடை. 29 வயசு அம்மா ஒருத்தங்க, ரெண்டு வயசு மகனைத் தள்ளுவண்டியில வச்சுக் கடைக்குள்ள போறாங்க. துப்பாக்கிக்குன்னே தனி அறை வச்சுத் தச்ச கைப்பை அவங்களுது. உரிமமும் இருந்துச்சு. பிள்ளை பக்கத்துல கிடந்த பையைத் திறந்து துப்பாக்கியை எடுத்திருச்சு. ஒரே குண்டு. அம்மா அங்கேயே போயிட்டாங்க. அவங்க பொறுப்பில்லாதவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பை ஒடம்புல ஒட்டி இருக்காது, அதுதான் விசயம். வைக்கிற இடத்துல தங்கும், பக்கத்துல யாரு கை இருக்கோ அந்தக் கைக்குப் போகும்.

காரும் அப்படித்தான். அமெரிக்காவுல திருட்டுப் போற துப்பாக்கிகள்ல பெரிய பங்கு கார்லேர்ந்துதான் போகுது. கண்ணாடியை ஒடைக்க எத்தனை நேரம் ஆகும்? நீ தற்காப்புக்குன்னு வாங்கினது நாளைக்கு எவன் கையில இருக்கும்னு உனக்கே தெரியாது. ஃப்ரிட்ஜ் மேல, தலகாணிக்கடியில, மேசை டிராயர்லன்னு வைக்கிறதுக்கும் சட்டம் இருக்கு. டெக்சாஸ்ல குண்டு போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையா விட்டு, அது 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கைக்குப் போயிருச்சுன்னா அதுவே குற்றம். சட்டம் போடற வழக்கை விடுங்க. அந்தக் குடும்பம் அதுக்கப்புறம் எப்படிச் சோறு திங்கும்?

இன்னொரு வில்லங்கமும் பையிலதான் வருது. துப்பாக்கியைச் சுமந்த பையில ஒரு குண்டு ஓரத்துல தங்கிரும். அதே பையைத் தூக்கிட்டு ஊருக்கு வருவான். திரும்பிப் போகும்போது சென்னை விமான நிலைய ஸ்கேன்ல அந்தக் குண்டு சிக்கும். நம்ம நாட்டுல 1959-ஆம் வருச ஆயுதச் சட்டம் ஒத்தைக் குண்டுக்கும் பொருந்தும். தெரிஞ்சே வச்சிருந்தியா, தெரியாம வந்துச்சான்னு நிரூபிக்க வக்கீல், கோர்ட்டுன்னு அலையணும். லீவு முடிஞ்சிரும், விமானமும் போயிரும்.

அப்ப என்னதான் பண்றது? நம்ம பனையேறி அண்ணமாரைப் பாருங்க. தவடை அளவுக்குக் கூர் தீட்டின பாளை அருவா. அதை அருவாப்பெட்டியில போட்டு இடுப்புல கட்டிட்டுத்தான் மரம் ஏறுவாங்க. வெட்டாது, விழாது, கை போனா வந்துரும். இளைச்சாலும் பெருத்தாலும் கட்டு மாத்திக் கட்டுவாங்க. "உறுத்துது, கீழயே வச்சுட்டு ஏறுறேன்"னு எவரும் சொன்னதில்ல. தொழிலுக்கு எடுத்துட்டுப் போற கருவிக்கே அவ்வளவு கவனம்னா, உயிரெடுக்கிற சாமானுக்கு எவ்வளவு வேணும்?

என் மாப்ளைக்குச் சொன்னதையே எல்லாருக்கும் சொல்றேன்.

பெல்ட்டை மொதல்ல மாத்து. கடையில பேன்ட்டோட விக்கிற துவண்ட பெல்ட்டு வேணாம். துப்பாக்கி பாரம் தாங்கற விறைப்பான பெல்ட்டு வாங்கு. ஓட்டை ஓட்டையா இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கித் தளர்த்துற மாதிரி இருந்தா, இளைக்க இளைக்கக் கூடவே வரும்.

உறை கெட்டியானதா இருக்கணும். விசையை முழுசா மூடணும். துப்பாக்கியை உருவினப்புறமும் வாய் திறந்தே நிக்கணும். கைடெக்ஸ்னு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்குல செய்யறாங்க, அது நல்லது. ஏத்தி இறக்கி, சாய்ச்சு வைக்கிற வசதி அதுல இருக்கும்.

எந்த இடத்துல சொருகறதுங்கறதைக் கடிகார முள்ளு கணக்குல பாரு. தொப்புளுக்கு நேரா பன்னெண்டு, வலது இடுப்பெலும்பு மூணு, நடுமுதுகு ஆறு. தொப்பை போட்டவனுக்கு முன்பக்கம் ஒரு மணி இடம் குத்துனா, நாலு மணிப் பக்கம் நகத்திப் பாக்கலாம். இளைச்சவனுக்கு நாலு மணியில பிடி துருத்துனா, முன்பக்கம் இப்ப ஒத்து வரலாம். உறையோட அடியில ஒடம்புப் பக்கமா ஒரு மெத்தை ஆப்பு ஒட்டினா, முனை வெளிய போகும், பிடி ஒடம்போட ஒட்டும். ஆறு மணி மட்டும் வேணாம். மல்லாக்க விழுந்தா முதுகெலும்புல இரும்பு.

இதெல்லாம் செஞ்சும் சேரலையா, சின்ன துப்பாக்கிக்கு மாறு. அரைக் கிலோவுலயும் கிடைக்குது. பிஸ்டலுக்கு 500, 600 டாலர் கொடுத்தவன், 60, 100 டாலர் உறைக்குக் கணக்குப் பாக்கறது, டிராக்டர் வாங்கிட்டு பிரேக்குக்குக் காசில்லைங்கற கதைதான்.

இடம் மாத்தினா பழக்கத்தையும் மாத்தணும். புதுக் காம்பு போட்ட மம்பட்டி ஒரு வாரம் கைக்கு அடங்காது. பத்து வருசம் நாலு மணிக்குப் போன கை ஆபத்துன்னா அங்கதான் போகும். குண்டெல்லாத்தையும் எடுத்து வேற ரூம்ல வச்சுட்டு, காலித் துப்பாக்கியை வச்சு தெனமும் உருவிப் பழகு. திருப்பிச் சொருகும்போது அவசரம் வேணாம். சட்டையை ஒதுக்கி, கண்ணால பாத்துச் சொருகு.

"மாமா, எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல"ன்னான். நேரமில்லைன்னா சுமக்காதே. அதுக்கும் வழி சொல்றேன். பூட்டுப்பெட்டி ஒண்ணு வாங்கி, செவுத்தோட போல்ட்டு போட்டு மாட்டி, உள்ள வச்சுப் பூட்டு. சாவியோ நம்பரோ உன்கிட்டயும் மருமக கிட்டயும் மட்டும் இருக்கட்டும். இடுப்புல சரியா இரு, இல்லைனா பெட்டியில பூட்டி இரு. மூணாவதா ஒரு இடம் கிடையாது.

"பேசாம துப்பாக்கியே வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னு சில பேரு கேப்பீங்க. அவன் வித்துட்டா எனக்குச் சந்தோசந்தான். ஆனா சொன்னா விக்கிற ஆளு இல்ல அவன், அங்க இருக்கிற கோடிக்கணக்கான பேரும் இல்ல. வச்சிருக்கிறவன் எப்படி வச்சிருக்கான்னு கேக்கறது நம்ம கடமை.

எச்-1பி விசாவுல இருக்கிற பசங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வச்சுக்கறதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாத் தடுக்குது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. மாநிலச் சட்டம் தாராளமா இருக்குன்னு நம்பி, கூட வேலை பாக்கிறவன் வச்சிருக்கான்னு வாங்கிறாதீங்க. டெக்சாஸ் உரிமம் கலிபோர்னியாவுல செல்லாதுங்கறதையும் மனசுல வைங்க.

அங்க பிள்ளைங்க இருக்கிற பெத்தவங்க அடுத்த வீடியோ கால்ல, "சாப்டியா கண்ணு?"ன்னு கேட்டதும் இன்னொண்ணும் கேளுங்க. "இளைச்சுட்டியே, துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?" பதில் சொல்ல முழிச்சான்னா, அது இருக்கக் கூடாத இடத்துல இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கே எடுத்துப் பூட்டச் சொல்லுங்க.