எங்க எடுத்தீங்க?

பழைய திருச்சி ஜில்லாக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உருண்டையாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் டைனோசர் முட்டை என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 2009ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடப்பதாக அறிவித்து, பேப்பரெல்லாம் பரபரத்தது. 2020 அக்டோபரில் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைக்க, வாட்ஸப்பில் சாயங்காலத்துக்குள் அவை குஞ்சு பொரிக்காத குறை. நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, 'முட்டை இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட பாறை உருண்டை' என்று சொன்னதும் பலருக்கு ஏதோ சொத்து பறிபோன மாதிரி இருந்திருக்கும்.

என் தங்கை பிள்ளைக்கும் இந்த வியாதி. தில்லைநகரில் பாங்க் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாடாலூரில் திரும்பி, காரைக்குப் போய்விடுவான். சிவப்பும் வெளுப்புமாக மழை அரித்த அந்த மண்மேடுகளில் நின்று போட்டோ பிடித்துக்கொள்வது இப்போது இளைஞர்களிடையே ஃபாஷன். அப்படிப் போனபோது தேங்காய் சைஸுக்கு ஒரு கல்லைத் தூக்கி வந்து ஆபீஸ் மேஜைமேல் வைத்திருக்கிறான். கிளை முழுக்க 'முட்டை ஸார்' என்று பெயர்.

"மாமா, இதை யார்கிட்டயாவது காட்டணும்."

மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு ரிடையர்டு ஜியாலஜிஸ்ட் அடிக்கடி வருவார். ("பேர் போட்டுடாதீங்க ஸார், அவனவன் முட்டையோட வீட்டுக்கே வந்துடுவான்.") கல்லை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம்.

"இது என்ன ஸார்?" என்றான் பையன்.

அவர் கல்லைப் பார்க்கவே இல்லை. "எங்க எடுத்தீங்க தம்பி?"

"காரை பக்கம்."

"பக்கம்னா?"

"பைக் நிறுத்தின எடத்துலேர்ந்து... ஒரு பத்து நிமிஷம் நடந்து..."

"எந்த ஓடை? கரையில மேலயா, அடியிலயா? மண்ணுல பதிஞ்சிருந்துதா, சும்மா உருண்டு கிடந்துதா?"

பையன் என்னைப் பார்த்தான். போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேட்க மாட்டார்கள் என்ற பார்வை.

பிறகுதான் பாக்கெட்டிலிருந்து சின்ன லென்ஸை எடுத்தார். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். ஓட்டில் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சுவிட நுண்ணிய துளைகள் இருக்க வேண்டும். கல்லை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஓடே இல்லை. கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ வேறெதுவோ செத்து விழுகிறது. அதைச் சுற்றிச் சுண்ணாம்போ பாஸ்பேட்டோ படிந்து படிந்து இறுகுகிறது. லட்டு பிடிக்கிற மாதிரிதான், என்ன, முந்திரி நடுவில்.

"அப்ப இது வேஸ்ட்டா ஸார்?"

"கிடந்த எடத்துலயே இருந்திருந்தா வேஸ்ட் இல்லை. இப்ப பேப்பர்வெயிட்."

சுருக்கென்று சொல்லிவிட்டார். பையன் முகம் வாடியதைப் பார்த்து, உட்காரவைத்துக் காரணமும் சொன்னார். இந்தியா, கோண்ட்வானா என்கிற பெரிய கூட்டுக் குடும்பத்திலிருந்து பாகம் பிரிந்து வந்தபோது இந்தப் பக்கம் நிலம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்தது. காரையில் நாம் மிதிப்பது ஒன்பது, பத்து கோடி வருஷத்துக்கு முந்தைய கடல்சேறு. கல்லங்குறிச்சிப் பக்கம் சுமார் ஏழு கோடி. ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வொரு வகை அம்மோனைட். இது கணவாய் மீனுக்கு உறவு, நத்தை மாதிரி சுருண்ட ஓடு. ஒரு வகை கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறையும், அடுத்தது வரும். ஆகவே எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று தெரிந்தால் அந்தப் பாறையின் வயசைச் சொல்லிவிடலாம். அடுக்கு தெரியாமல் கல்லை மட்டும் கொண்டுவந்தால், தேதி கிழிந்த காலண்டர் தாள்.

இதை நம்மூரில் முதலில் சரியாகச் செய்தவர்களில் ஒருவர் ஓர் ஆபீஸர் என்பதில் எனக்குச் சந்தோஷம். 1840களில் கே என்கிற மதராஸ் சிவில் சர்வீஸ்காரரும் கன்லிஃப் என்பவரும் இங்கேயும் புதுச்சேரி, விருத்தாசலத்திலும் பொறுக்கியதை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு ஜி.எஸ்.ஐ.யின் பிளான்ஃபோர்ட் 1857லிருந்து 60 வரை இந்தப் பொட்டல் முழுக்க அலைந்து, அடுக்குகளைப் பிரித்துப் பெயர் வைத்தார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். உலகத்து ஜியாலஜி மாணவர்கள் இன்றைக்கும் நம்ம ஊட்டத்தூரைப் பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரிக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் என் அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் பண்ணிக்கொண்டிருந்தாள். அதிலிருக்கும் சக்கரமும் அம்மோனைட்டின் சுருள்தான், ஜுராசிக் காலத்தது.

"ஏண்டா, பெருமாளை அவர் என்னன்னு சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை அத்தை. எங்கேர்ந்து வந்ததுன்னுதான் கேட்டார்."

"இது என்ன கேள்வி? கண்டகி நதி!"

ஜியாலஜிஸ்டிடம் இதைச் சொன்னபோது ரொம்ப ரசித்தார். லேபிள், ரிஜிஸ்டர் எதுவும் இல்லாமல், நேபாளத்து ஆற்றின் பெயரைத் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் கல்லோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். "உங்க அத்தைதான் ஸார் நல்ல க்யூரேட்டர்."

(மடியாக இருக்கும் அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்பது ஏராளமான கடல் சிப்பிகள் சேர்ந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. அவள் வீட்டு மாடி சமீபத்தில் கட்டியது.)

செடி கொடிக்காரர்களும் இதே ஜாதிதான். செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967ல் ஃபாதர் கே.எம். மாத்யூ தொடங்கியது. ஹெர்பேரியம் என்பது உலர்த்தி, அட்டையில் ஒட்டிய செடிகளின் ரிக்கார்ட் ரூம். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஒரு லேபிள்: எந்த ஊர், என்ன உயரம், எந்தத் தேதி, பறித்தது யார். மாத்யூவும் மாணவர்களும் வருஷக்கணக்கில் சுற்றிச் சேகரித்ததை வைத்துத்தான் 1981லிருந்து 88 வரை தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதியின் தாவரங்களைப் பற்றிய தொகுதிகள் வந்தன. செடி பழுப்பாகிப் பூ உதிர்ந்தாலும், அந்த இடத்தில் அந்த வருஷம் அது இருந்தது என்பதற்கு அட்டை சாட்சி. அங்கே இன்று ஃப்ளாட் இருக்கலாம்.

இடம் தெரிந்து, தேதி தெரிந்து, பொருள் மட்டும் போய்விட்டால்? அந்தக் கதையைக் கேட்டபோது பையன் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அரியலூர் அருகே கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் ஜி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். புருஹத்காயோசாரஸ். புருஹத், காயம் என்று பிரித்துப் பாருங்கள், பேருடம்பன். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் பிரபல ராட்சசனுக்கே அது சுமார் ஒன்றரை மீட்டர்தான். முதலில் மாமிச பட்சிணி என்று நினைத்தார்கள். பிற்பாடு பலரும் அதை நீளக்கழுத்து சைவமாக மாற்றினார்கள். 2023ல் வந்த ஒரு கணக்கு, எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்கிறது. கோயில் யானை முப்பதை ஒன்றாகக் கட்டினால் வரலாம். நிரூபணமானால், நிலத்தில் நடந்த உயிர்களில் ஆகப் பெரியது நம்ம காவிரிப் படுகைக்காரன்.

"எங்க ஸார் வச்சிருக்காங்க? பாக்கணும்."

"இல்லை தம்பி. மழையில ஊறின எலும்பு. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தாங்க. ஊர் போய்ச் சேர்றதுக்குள்ளயே பொடிஞ்சு போச்சு."

மிச்சம் இருப்பது கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும். புகைப்படங்கள் பளிச்சென்று வெளியே வந்ததே 2022ல்தான். இடையில் பல வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் அது எலும்பா, கல்லான மரத்தண்டா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்துக்குக் காரணமும் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. சாத்தனூரில் 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட 18 மீட்டர் கல்மரம், வேலி போட்டு பத்திரமாக இருக்கிறது. கல்லமேட்டு எலும்பில் நகத்தளவு ஒரு துண்டு பாக்கியிருந்தால், சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்து அரை நாளில் தீர்த்துவிடலாம். அது இல்லை.

"இனிமே எதையும் எடுக்காதீங்க" என்றார் பையனிடம். "கிடக்கிற எடத்துலயே போட்டோ எடுங்க. அளவுக்குப் பக்கத்துல ஒரு பேனா வைங்க. உங்க போன்லயே இடம் பதிவாகும், அதை எனக்கு அனுப்புங்க."

"கல்லமேட்டுல திரும்பத் தோண்டினா கிடைக்குமா ஸார்?"

"தோண்ட வேண்டாம். ஐப்பசி மழை வருஷா வருஷம் தோண்டுது. மழை விட்ட கையோட யாராவது போய்ப் பாத்துக்கிட்டே இருக்கணும். வெளியில தலை நீட்டினா, அடுத்த மழைக்குள்ள எடுத்தாகணும்."