குரல் உயர்ந்தது, கதவு திறந்ததா?

"திறமை உள்ளவன் எங்கே பிறந்தாலும் மேலே வந்தே தீருவான்." பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் வாக்கியம் இது. பிரதம விருந்தினர் கூறுவார், பெற்றோர் தலையசைப்பர், பரிசு பெறாத பிள்ளைகள் குனிந்திருப்பர். அண்மையில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நண்பர் ஒருவர் இதற்குச் சான்றாக அமெரிக்கப் பாடகர் ஒருவரை முன்னிறுத்தினார். "போதகர் ஒருவரின் மகன், கறுப்பினத்தவன், உலகின் தலையாய ஒபெரா அரங்கிலே பாடவில்லையா? குரல் இருந்தது, கதவு திறந்தது" என்றார். அவர் குறிப்பிட்டது றொபேட் மக்பெரின் என்னும் பாடகரை. நண்பர் கூறியது பொய்யன்று. ஆனால் அது கதையின் முற்பாதி மட்டுமே. பிற்பாதியை மறைத்துவிட்டு முற்பாதியை மட்டும் மாணவருக்குப் போதிப்பது பொய்யைப் போதிப்பதிலும் கொடியது.

ஒபெரா என்பது உரையாடலையும் இசையாகவே பாடும் மேலைநாட்டு இசைநாடகம். அதன் ஆண்குரல்களுள் உச்சத்தில் ஒலிக்கும் தெனோர் பெரும்பாலும் காதலனுக்கு உரியது. ஆழத்தில் முழங்கும் பாஸ் முதியோருக்கும் குருமாருக்கும் உரியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது பரிற்றோன். இத்தாலிய மேதை வெர்டி, தந்தையர், பகைவர், வஞ்சிக்கப்பட்டோர் ஆகியோரின் துயரையெல்லாம் இக்குரலிலேயே வைத்தார். ஒலிபெருக்கியின்றி, பெரிய வாத்தியக் குழுவையும் கடந்து, ஆயிரக்கணக்கானோர் செவிகளை எட்டவேண்டிய குரல் அது. முப்பது வயதளவிலேதான் அது முதிர்கிறது. ஆதலால், பரிற்றோன் ஒருவனுக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே இழக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும் ஈடுசெய்யமுடியாத இழப்பாகும்.

மக்பெரின் 1921ஆம் ஆண்டு ஆர்க்கன்சோ மாநிலத்தில் மரியானா என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடும்பம் சென் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவர் சேர்ந்த சம்னர் உயர்நிலைப் பள்ளி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென அமைந்த முதல் உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியராக வேண்டுமென்பதே இளைஞனின் எண்ணமாக இருந்தது. பள்ளியின் பாடற்குழு ஆசிரியர்தான் அக்குரலின் அருமையை உணர்ந்து அவரை இசைவழிப்படுத்தினார். திறமை தானாக மேலே வந்தது என்போர் இந்த ஆசிரியரை மறந்துவிடுகின்றனர். வெள்ளையர் பள்ளிகள் கதவடைத்த காலத்திலே ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிக் காத்த பள்ளி இல்லையேல் அக்குரலை யார் கேட்டிருப்பர்?

சிக்காகோவில் இசைக் கல்வி, இடையில் இராணுவ சேவை, பின்னர் நியூயோர்க். 1953இல் மெற்றோபொலிற்றன் ஒபெராவின் வானொலிக் குரற்தேர்வில் மக்பெரின் வெற்றிபெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் அத்தேர்வில் வென்றது அதுவே முதல் முறை. வென்றவருக்கு ஆறு மாதப் பயிற்சியும் ஒப்பந்தமும் வழக்கம். மக்பெரினுக்கோ பதின்மூன்று மாதப் பயிற்சி. ஒப்பந்தமோ உடனே இல்லை. 'தகுதி', 'தகுதி' என்று ஓயாது பேசுவோரே, தகுதி நிரூபிக்கப்பட்ட பின்னரும் இரு மடங்கு காத்திருக்க வைத்தது எந்தத் தகுதியின் குறைவு?

1955 ஜனவரி 7ஆம் நாள் மரியன் அன்டர்சன் அம்மையார் அவ்வரங்கின் நிறத்தடையை முதன்முதலிற் கடந்து பாடினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. குரலின் இளமையெல்லாம் கழிந்த பின் திறந்த கதவு அது. இருபது நாட்களின் பின், ஜனவரி 27ஆம் நாள், 'அயிடா' நாடகத்தில் அமொனாஸ்ரோவாக மக்பெரின் தோன்றினார். அவ்வரங்கிற் பாடிய முதற் கறுப்பின ஆண்மகன் அவரே. அமொனாஸ்ரோ யார்? போரிலே தோற்றுக் கைதியாகக் கொண்டுவரப்படும் எத்தியோப்பிய மன்னன். கதவு திறந்தது, ஆனால் கைதி வேடத்திலே உள்ளே அழைத்தது.

நண்பர் கூறாது விட்ட பிற்பாதி இங்கேதான் தொடங்குகிறது. மூன்று பருவங்களில் மக்பெரின் அவ்வரங்கிற் பாடிய இரவுகள் எத்தனை? பத்து. பாத்திரங்கள் மூன்று: அமொனாஸ்ரோ, 'பௌஸ்ற்' நாடகத்தில் நாயகியின் அண்ணன் வலன்ரைன், வெர்டியின் ரிகொலெற்றோ. பரிற்றோன் குரலுக்குத் தந்தையும் தமையனும் இயல்பான வேடங்கள்தாமே என்பர். உண்மைதான். ஆயினும் இயாகோ உண்டு, பிகாரோ உண்டு, டொன் ஜியோவானி உண்டு; பரிற்றோன் ஒருவன் வாழ்நாள் முழுதும் பாடினும் தீராத பாத்திரங்கள் உண்டு. அவையெல்லாம் வேறு தொண்டைகளுக்கு உரியனவாயின. 1957இல், தம் முப்பத்தாறாவது வயதில், குரலின் முழு வலிமையோடு, மக்பெரின் அவ்வரங்கை விட்டு வெளியேறினார். அதே ஆண்டிலேதான் அவர் பிறந்த ஆர்க்கன்சோவில், லிற்றில் றொக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குச் செல்ல இராணுவக் காவல் வேண்டியிருந்தது. பள்ளி வாயிலில் துப்பாக்கி தெரிந்தது. அரங்கின் வாயிலில் எதுவும் தெரியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

1959இல் வெளிவந்த 'போர்கி அன்ட் பெஸ்' திரைப்படத்தில் சிட்னி புவாற்றியே நடிக்க, பாடியது மக்பெரினின் குரல். அரங்கில் உடலோடு நிற்க இடம் குறைவாயிருந்த குரல், திரையில் உடலே இல்லாது ஒலிக்கவேண்டியதாயிற்று.

"அது அக்காலம், எப்படியாயினும் முகாமையாளர் ருடொல்ப் பிங் பெருந்தன்மையோடு கதவைத் திறந்தாரன்றோ?" என்பார் உளர். பிங் செய்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றைப் பெருந்தன்மையாற் கணக்கிடுவோர் காலவரிசையை நோக்குவதில்லை. நிறவாரிப் பள்ளிகள் சட்டவிரோதமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். அதற்கும் முன்னரே, 1945இல், ரொட் டங்கன் என்னும் கறுப்பினப் பரிற்றோன் நியூயோர்க் நகர ஒபெராவில், வெள்ளையர் நடுவே, முதன்மைப் பாத்திரம் பாடிவிட்டார். இவ்விரு அரங்குகளின் பிறப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நகர ஒபெரா, குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களும் கேட்கட்டும் என்று 1940களில் நகராட்சியின் ஆதரவோடு எழுந்தது. மெற்றோபொலிற்றனோ, பழைய அரங்கிலே தனியிருக்கைக் கூண்டுகள் கிடைக்காது சினந்த புதுப் பணக்காரக் குடும்பங்கள் 1883இல் தமக்கெனக் கட்டிக்கொண்ட மாளிகை. தமக்குக் கதவடைத்ததைப் பொறாது புதுக் கதவு கட்டியோர், அதனைப் பிறருக்கு எழுபதாண்டுகளுக்கு மேல் அடைத்தே வைத்தனர். ஏழைகளின் அரங்கு பத்தாண்டு முன்னதாகத் திறந்தது தற்செயலா?

இதனால் மலிவான அரங்கெல்லாம் மாசற்றது என்று நான் வாதிக்கவில்லை. அதே நகர ஒபெரா 1949இல் ஹெயிற்றித் தீவின் அடிமைப் புரட்சியைப் பொருளாகக் கொண்ட வில்லியம் கிரான்ற் ஸ்ரில்லின் நாடகத்தை மேடையேற்றியபோது, புரட்சித் தலைவனின் வேடத்தை வெள்ளையர் ஒருவரே ஏற்றார். மக்பெரினுக்குக் கிடைத்தது துணை வேடம். மெற்றோபொலிற்றனில் 1933இல் 'எம்பரர் ஜோன்ஸ்' என்னும் ஒபெராவின் கறுப்பின நாயகனாக, வெள்ளைப் பரிற்றோன் லோரன்ஸ் ரிபெற் உடலில் மை பூசி நின்றார். கறுப்பு நிறம் மேடைக்கு வேண்டியிருந்தது. கறுப்பு மனிதன்தான் வேண்டாதவனானான். 'ஒத்தெல்லோ' நாயகனுக்குக் கருமை பூசும் வழக்கத்தை அவ்வரங்கு கைவிட்டது 2015இலேதான்.

கதவு எவ்வாறு திறக்கிறது என்பதற்கும் டங்கனின் வாழ்க்கையிலேயே விடை உண்டு. 1935இல் கேர்ஷ்வினின் 'போர்கி'யாக முதன்முதலில் தோன்றியவர் அவர். ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த ஆசிரியர். 1936இல் அந்நாடகம் வாஷிங்ரன் தேசிய அரங்குக்குச் சென்றபோது, கறுப்பின மக்களை உள்ளே விடாத அரங்கிலே பாடமாட்டோம் என்று அவரும் சக நடிகரும் மறுத்தனர். தனிக் காட்சி தருகிறோம், மேல்மாடியில் இடம் தருகிறோம் என்று உரிமையாளர் பேரம் பேசினர். டங்கன் இணங்கவில்லை. அந்நாடகம் நடந்த நாட்களில் எல்லா நிறத்தவரும் ஒன்றாக அமர்ந்தனர். ஆனால் அவர்கள் சென்றபின் பழைய தடை மீண்டது. பின்னர் நடிகர் சங்கமே அவ்வரங்கைப் புறக்கணித்தது. நிறத்தடையை நீக்குவதிலும் அரங்கைச் சினிமாக் கொட்டகையாக்குவதே மேல் என்று 1948இல் உரிமையாளர் முடிவு செய்தனர்! 1952இல்தான் அது எல்லோருக்குமான நாடக அரங்காக மீண்டும் திறந்தது. ஒருவரின் குரல் சில இரவுகளுக்குக் கதவைத் திறந்தது. சங்கத்தின் குரல் அதனைத் திறந்தபடி நிறுத்தியது.

இனி நம்மவர் சிலருக்கும் ஒரு சொல். "ஒபெரா பணக்காரரின் ஆடம்பரம், அதில் யார் பாடினால் நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்கள் உளர். கூண்டுகளில் அமர்ந்தோரை வைத்து மேடையை அளப்பது தவறு. 'ரிகொலெற்றோ'வின் மூலக்கதை விக்டர் ஹியூகோவின் நாடகம். அரசனை இழித்ததென 1832இல் பாரிசில் ஒரே இரவோடு தடைசெய்யப்பட்டது. அதனை வெர்டி இசைநாடகமாக்கியபோது, வெனிசை ஆண்ட ஒஸ்ரியரின் தணிக்கையாளர் அரசனைக் கோமகனாக்கச் செய்தே 1851இல் அனுமதித்தனர். அதிகாரத்தின் சிரிப்புக்குக் கூலியாளாய் இருந்தவன், தன் மகளையே அவ்வதிகாரம் சிதைத்தபோது கதறும் கதறல் அது. அதனை மக்பெரின் பாடியபோது அக்கலை தன் உரியவரிடம் வந்து சேர்ந்தது. கலையை வெறுத்தொதுக்குவது, அதனைப் பணக்காரருக்கே உறுதி எழுதிக் கொடுப்பதாகும்.

மக்பெரின் பின்னாளிற் குரலிசை கற்பித்தார். சென் லூயிசுக்கே மீண்டார். 2006இல் அங்கு மறைந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் இயற்றிய ஒபெராவை மெற்றோபொலிற்றன் முதன்முதலாக மேடையேற்றியது 2021 செப்டெம்பரில். அரங்கு தோன்றி நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின். ரெரன்ஸ் பிளாஞ்சார்ட் இயற்றிய அவ்வொபெராவில் நாயகனாக நின்றவர் வில் லிவர்மன் என்னும் பரிற்றோன். அதே படைப்பு ஈராண்டு முன்னரே முதன்முதலாக ஒலித்தது சென் லூயிஸ் நகரிலே.

வளர்ந்துவரும் பாடகன் என்று எவரையேனும் பத்திரிகைகள் போற்றும்போது, முதல் மேடையேறிய நாளை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை இரவுகள், எந்த வேடங்கள், யாருடைய அனுமதியோடு என்று கேளுங்கள். ஆசிரியராகிய நாம் சம்னர் பள்ளியின் பாடற்குழு ஆசிரியரைப்போல் குரல்களைக் கண்டெடுப்போம். அது நம் கடமையிற் பாதி. டங்கனைப்போல் அடைத்த அரங்கின் முன் மறுத்து நிற்பதற்கும் நம் மாணவருக்குக் கற்பிப்போம். அது மறு பாதி. அடுத்த பரிசளிப்பு விழாவில் அந்தப் பழைய வாக்கியம் ஒலிக்கும்போது, குனிந்திருக்கும் பிள்ளைகளை நோக்கி நான் சொல்லவிருப்பது இதுதான்: தலை நிமிருங்கள், குறை உங்கள் குரலில் இல்லை, கதவில் இருக்கிறது.