ஆறு நாள் உழைப்பும் எமது வீதிகளும்

1848ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சியாளர் இந்நாட்டில் வீதிச் சட்டமொன்றை இயற்றினர். 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுதோறும் 6 நாள் வீதிவேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கீடாகப் பணம் இறுத்தல் வேண்டும் என்பது அதன் விதி. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு ஏதுவாயமைந்த சுமைகளுள் இதுவும் ஒன்று. அச்சட்டம் மறைந்தது, சுமை மறைந்திலது. சோலைவரியென்றும் பிற வரிகளென்றும் வெவ்வேறு பெயரால் அந்த ஆறு நாள் உழைப்பை நாம் இன்றும் இறுத்தே வருகின்றோம். அவ்வுழைப்பு எவ்வீதியிற் சென்று சேர்கின்றது என வினவும் உரிமை நமக்குண்டு.

வினவுமுன் யாரை வினவுவது என அறிதல் வேண்டும். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியன. சி, டி வகையின மாகாண நிருவாகத்துக்குரியன. எஞ்சிய ஒழுங்கைகளும் கிராமவழிகளும் உள்ளூராட்சி சபைகளைச் சார்ந்தன. கண்டியில் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய மாநகர சபையும், அதனைச் சூழ யட்டிநுவரை, உடுநுவரை, அக்குறணை, குண்டசாலை முதலிய பிரதேச சபைகளும் உள. பேராதனைப் பெருவீதியின் பள்ளத்துக்கு மாநகர முதல்வரை வைவதும், வீட்டெதிரேயுள்ள ஒழுங்கைக்காக அமைச்சருக்கு மனு எழுதுவதும் வீண்முயற்சிகளே.

மலைநாட்டு வீதிக்கு முதற்பகை வண்டியன்று, நீரே. சரிவிலிருந்து இறங்கும் நீர் வடிகாலின்வழி ஓடிவிடின் தார்ப்பரப்பு பல்லாண்டு நிற்கும். வடிகால் அடைபடின் நீர் வீதியின்மேல் ஓடி, வெடிப்புகளிற் புகுந்து, அடித்தளத்தை இளக்கிவிடும். பின்னர் வண்டிச்சில்லு அழுத்துந்தோறும் பள்ளம் பெருகும். அப்பள்ளத்தை மட்டும் தாரால் நிரப்பிச் செல்லுதல் நோயை விடுத்துப் புண்ணுக்கு மருந்திடுதல் போலாம். வடிகால் துப்புரவு செய்யவும், மதகின் வாயடைப்பை நீக்கவும் மண்வெட்டியும் நாட்கூலியும் போதும். ஆயினும் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் புதுத்தாருக்குண்டு, தூர்வாரிய வடிகாலுக்கில்லை. ஆதலின் அது பின்தள்ளப்படுகின்றது.

காலமறியாமை இரண்டாவது குறை. சபைகளின் நிதியாண்டு தைமாதத் தொடக்கத்திலிருந்து மார்கழி இறுதிவரை செல்வது. தார் இடுதற்கேற்ற வறண்ட காலமோ கண்டிக்குத் தை முதல் பங்குனி வரையிலான மாதங்களாம். வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பின்னரே மதிப்பீடும் கேள்விப்பத்திரமும் தொடங்குமாயின், வறட்சி கழிந்துவிடும். ஆண்டிறுதியின் அடைமழையில், பணம் திரும்பிவிடும் என்னும் அச்சத்தால் அவசரவேலை நடைபெறும். முந்தைய ஆண்டின் ஆவணியிலேயே மதிப்பீடுகளை முடித்துவைப்பின் இவ்விழப்பு நேராது. குழாய் பதிப்போரும் கம்பி புதைப்போரும் தத்தம் திட்டத்தை அப்பொழுதே சபைக்கு அறிவிக்கக் கட்டுப்படுத்தப்படுதல் வேண்டும். தாரிட்ட மறுதிங்களே வீதியை வெட்டுதல் பொதுப்பணத்தைப் புதைத்தலேயன்றோ?

மூன்றாவது, பங்கீடு. கிடைக்கும் நிதியை வட்டாரந்தோறும் சமமாகப் பகிர்ந்தளித்தல் நீதியெனத் தோன்றும். ஆயின் சமவெளி ஒழுங்கைக்கும் செங்குத்தான சரிவுவழிக்கும் தேவை சமமன்று. ஒவ்வொரு வீதியின் நீளம், அகலம், மேற்பரப்பின் நிலை, வடிகாலின் நிலை, அவ்வழிச் செல்லும் பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றைப் பதிவேட்டிற் குறித்து, அதன்படி வரிசையிடுதலே முறை. அவ்வரிசையைச் சபைவாயிலில் யாவரும் காண ஒட்டிவைப்பின், உறுப்பினரின் செல்வாக்குக்கு இடம் குறையும்.

தோட்டப்புற வழிகளை ஈண்டுக் கூறாதுவிடின் எம் கட்டுரை குறையுடையதாகும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை இக்கண்டி மாவட்டத்ததே. மலைநாட்டு வீதிகளை அமைத்தவர்களுள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரும் பலராவர். ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்தபின்னும், லயத்திலிருந்து நோயாளியைத் தோளிற் சுமந்து பெருவீதி சேரவேண்டியிருப்பின், அத்திருத்தம் ஏட்டளவினதே. தெல்தோட்டை, கலகா போன்ற பகுதிகளின் சபைகள் தோட்டவழிகளையும் தம் பதிவேட்டிற் சேர்த்துள்ளனவா என்பதே இதற்கு உரைகல்.

“பணமில்லை” என்பர். உண்மையே. 2023 பங்குனி முதல் 2025இன் தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றிச் சபைகள் இயங்கியதும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கண்டி மாவட்டத்து வீதிகளைச் சிதைத்ததும் சுமையைப் பெருக்கின. அத்தகைய பேரழிவை வடிகால் மட்டும் தடுத்துவிடும் என நாம் கூறோம். ஆயினும் பணம் குறைந்தவிடத்தேதான் முறை மிகுதியும் வேண்டப்படும். உள்ளதைக் காத்தல் புதியது சமைத்தலினும் மலிவு.

எமது பழைய மாணவருள் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் உளர். விழாவெடுக்கும் இவ்வாண்டில், அவர்கள் ஒன்றுகூடித் தத்தம் ஊரின் ஐந்து வீதிகளையேனும் மேற்சொன்ன முறையில் அளந்து, பதிவேடு எழுதி, வரவு செலவுத் திட்டம் வகுக்கப்படுமுன் சபையாரிடம் ஒப்புவிப்பார்களாக. மாணவரும் அளவுநாடாவைப் பிடித்து உடன்செல்லலாம். குடியியற் பாடத்தை அதனினும் நன்றாகக் கற்பிக்கும் வகுப்பறையை நாம் அறியோம்.