அப்பாவோட பழைய காரை ரெஸ்டோர் பண்ணப் போறீங்களா? எஃப்.சி., வரிக் கணக்கை முதல்ல பாருங்க!



"சார், வீட்டுல அப்பாவோட பழைய பத்மினி நிக்குது. ரெஸ்டோர் பண்ணா நல்ல இன்வெஸ்ட்மென்ட்தானே?" சம்பளம் வாங்குற இளைஞர்கள் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. என் பதில்: தாராளமா பண்ணுங்க. ஆனா அதை இன்வெஸ்ட்மென்ட்னு மட்டும் சொல்லாதீங்க. அது செலவு. ஆசைப்பட்டு, தெரிஞ்சு செய்யற செலவு.

இதை நான் சொந்தக் காசு போட்டுத்தான் கத்துக்கிட்டேன். எங்க அப்பாவோட பத்மினி 1984 மாடல். போன வருஷம் அதை எடுத்து டிங்கரிங், பட்டி, பெயிண்ட்னு முதல்ல அழகுபடுத்தினேன். எல்லாம் முடிஞ்சு ஆர்.சி. புக்கை எடுத்துப் பார்த்தா, பதிவு காலாவதியாகி 14 மாசம் ஆச்சு! ஊருக்கெல்லாம் ட்யூ டேட் சொல்ற ஆடிட்டர் வீட்டுலயே இந்த நிலைமை.

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி, பதிவைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு, 20 வருஷம் தாண்டின காருக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிடுச்சு. டூவீலருக்கு 2,000. தாமதமானா காருக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல். என் கணக்கு: 10,000 + 14 மாசத்துக்கு 7,000 = 17,000 ரூபாய். பசுமை வரி இதுல சேராது, அது தனி.

சரி, பணத்தைக் கட்டி வண்டியைக் கொண்டு போனேன். பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்குக் கோபம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் புரிஞ்சுது, அந்த வண்டியிலதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். "வண்டி வராமலே எஃப்.சி. போட்டுத் தர்றோம்"னு யாராவது சொன்னா, நீங்க காசு கொடுத்து வாங்குறது ஆபத்தை. முதல்ல பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங். பெயிண்ட் கடைசியில.

பதிவு காலாவதியான வண்டியை ஓட்டினா முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸ்ல விழும். தற்காலிகப் பதிவு முடிஞ்ச வண்டி திருடு போன ஒரு வழக்குல, இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுத்தது சரிதான்னு 2021ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பிரீமியம் கட்டியிருக்கேன்ங்கிற ஒரே தைரியத்துல வண்டியை எடுக்காதீங்க.

"அப்போ வின்டேஜ்னு பதிவு பண்ணிட்டா?"ன்னு அடுத்த கேள்வி வரும். 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, சேசிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தப்படாத வண்டிதான் வின்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். ஆபீஸுக்கோ கல்யாணத்துக்கோ ஓட்ட முடியாது. எங்க பத்மினிக்கு 50 வயசு ஆக 2034 வரணும். 1983 டிசம்பர்ல வந்த முதல் மாருதி 800க்கே 2033 வரை காத்திருக்கணும். அதனால உங்க வண்டியில பெரும்பாலானவை சட்டத்தோட பார்வையில 'கிளாசிக்' இல்ல, வெறும் பழைய கார்.

இப்போ வருமான வரி. நம்ம சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார், சட்டத்துல 'மூலதனச் சொத்து'க்குள்ள வராது. அதனால லாபத்துக்கு வித்தா வரி இல்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு! ஆனா மறுபக்கத்தையும் பாருங்க. 1.5 லட்சத்துக்கு வாங்கி, 4.5 லட்சம் செலவு பண்ணி, 5 லட்சத்துக்கு வித்தா 1 லட்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சம்பளத்துலயோ ஷேர் லாபத்துலயோ கழிக்கவே முடியாது. மெக்கானிக் பில்லுல கட்டின ஜி.எஸ்.டி. திரும்ப வராது. பெர்சனல் லோன் வட்டிக்கும் சலுகை கிடையாது. வருஷத்துக்கு ரெண்டு மூணு வண்டி வாங்கி, ரெடி பண்ணி வித்தீங்கன்னா அது வியாபாரம். அந்த லாபத்துக்கு உங்க ஸ்லாப்படி வரி கட்டணும். "என் சொந்தக் கார்தான்"னு எல்லா வண்டிக்கும் சொல்ல முடியாது.

அரசுக்கும் என் கருத்தைச் சொல்லிடறேன். பிரிட்டன்ல 40 வருஷம் தாண்டின, பெருசா மாத்தப்படாத கார்களுக்கு சாலை வரியும் இல்ல, வருஷாந்திரச் சோதனையும் கட்டாயம் இல்ல. சோதனை வேண்டாம்ங்கிறது நமக்குச் சரிப்பட்டு வராது. என் பத்மினியே அதுக்குச் சாட்சி. ஆனா வருஷத்துக்கு 800 கிலோமீட்டர் ஓடுற, நல்லா பராமரிச்ச காருக்கும், புகை கக்கிக்கிட்டு தினமும் ஓடுற காருக்கும் ஒரே 10,000 ரூபாய்ங்கிறது நியாயமா? சோதனையைக் கடுமையாக்குங்க. பாஸ் ஆன வண்டிக்கு, வயசை வச்சு மட்டும் கட்டணம் போடாதீங்க. 15லேர்ந்து 50 வயசு வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு நடுவுல ஒரு பிரிவு வேணும்.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது இதுதான். ஒரு ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்.சி. தேதியைப் பாருங்க. ஓட்டவா, கண்காட்சிக்கா, விக்கவான்னு முடிவு பண்ணுங்க. எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்.ஐ.பி.யையும் தொடாம, கடன் வாங்காம, தனியா சேர்த்த பணத்துல மட்டும் செய்யுங்க.

எங்க பத்மினி ரெண்டாவது தடவை பாஸ் ஆச்சு. அப்பாதான் ஓட்டிட்டு வந்தார். இதுல எனக்கு எவ்வளவு ரிட்டர்ன்னு கேட்டா, சைபர். செலவுன்னு எழுதிட்டேன், வருத்தம் இல்ல.

உங்க வீட்டுல நிக்கிற வண்டியோட ஆர்.சி. எப்போ முடியுது? இன்னைக்கே எடுத்துப் பாருங்க!