கடற்கரைக்குக் காவல் யார்?

மெக்சிகோவின் கடலோரத்துக்குச் சில நாள்கள் சென்றுவர இருப்பதாக நான் சொன்னபோது, நண்பர்கள் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, "அங்கே பாதுகாப்பு எப்படி?" என்பதுதான். போதைப்பொருள் கும்பல்களின் வன்முறை குறித்த செய்திகளை ஆண்டுக்கணக்கில் படித்துவருவோர்க்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், அதே மெக்சிகோவுக்கு 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4.5 கோடி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்துள்ளனர். அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவிலிருந்து கிடைக்கிறது.

ஒரு முழு நாட்டுக்கு "பாதுகாப்பானது" என்றோ, "ஆபத்தானது" என்றோ முத்திரை குத்துவது பொருளற்றது. அமெரிக்க வெளியுறவுத் துறையும் தன் குடிமக்களுக்கான பயண அறிவுரையில், மெக்சிகோவை மாநிலம் மாநிலமாகப் பிரித்தே மதிப்பிடுகிறது. நான் சென்ற பாஹா கலிபோர்னியா சுர் மாநிலம் அண்மை ஆண்டுகளில் நான்கு படிகளுள் இரண்டாவதில் இருந்துவருகிறது. பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளுக்கும் அதே படிதான்.

பாதுகாப்பான, இயற்கை கெடாத கடற்கரை என்பது பொருளியலின் பார்வையில் ஒரு பொதுச் சொத்து. அதை யார் உருவாக்குகிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். மெக்சிகோ இதற்கு இரு வேறு விடைகளை வைத்திருக்கிறது.

முதல் விடை, கரீபியக் கடலோரத்தில் உள்ள கான்கூன். 1960-களின் இறுதியில், அந்நியச் செலாவணி ஈட்டும் வழியைத் தேடிய மெக்சிகோ மத்திய வங்கியின் வல்லுநர்கள், ஆளரவமற்றுக் கிடந்த அந்த மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தனர். பன்னாட்டு வளர்ச்சி வங்கிக் கடனுடன் சாலையும் விமான நிலையமும் வந்தன. 1974-இல் விடுதிகள் திறக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 8.9 லட்சம் பேர். வேலைவாய்ப்பை அளவுகோலாகக் கொண்டால், அது மாபெரும் வெற்றி.

ஆனால், மணல்மேடுகளின் மீதே விடுதிகள் எழுந்தன. அலையாத்திக் காடுகள் அழிந்தன. 2005 அக்டோபரில் வீசிய வில்மா புயல் கடற்கரை மணலை வாரிச் சென்றது. பின்னர் பெரும் பொருட்செலவில் கடலடி மணலைத் தோண்டியெடுத்துக் கரையில் கொட்ட வேண்டியிருந்தது. 2015 முதல், கரையொதுங்கும் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசியை அகற்றும் செலவும் சேர்ந்துகொண்டது. 2021-இல் சுற்றுலாப் பகுதிகளிலேயே துப்பாக்கிச்சூடுகள் நிகழ்ந்தபின், சுமார் 1,500 தேசியக் காவல் படையினர் அங்கு நிறுத்தப்பட்டனர். இயற்கையும் சமூகமும் இலவசமாகத் தந்திருக்கக் கூடியவற்றை, கான்கூன் இன்று விலைகொடுத்து வாங்குகிறது.

இரண்டாவது விடை, கலிபோர்னியா வளைகுடாவை நோக்கிய காபோ புல்மோ என்னும் சிற்றூர். விமான நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு. கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலை. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள். 1980-களில் அளவுமீறிய மீன்பிடிப்பால் அங்கு கடல் வறண்டது. ஊர் மீனவர்களும் லா பாஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வலியுறுத்தியதன் பேரில், 1995 ஜூனில் 7,111 ஹெக்டேர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சட்டம் தடைசெய்தது அதில் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை மட்டுமே. ஆனால், ஊர் மக்கள் பூங்கா முழுவதிலுமே வலையைக் கைவிட்டனர்.

விளைவு வியப்புக்குரியது. 1999 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில் அங்கு மீன்வளத்தின் மொத்த எடை 463 சதவீதம் உயர்ந்ததாக, 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. அதாவது, ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. சுறா, களவா போன்ற பெரிய இரைகொல்லி மீன்கள் பதினொரு மடங்காயின.

நான் படகேறச் சென்ற காலை, வெயில் காப்புப் பசை பூசியிருந்ததைக் கண்ட வழிகாட்டி, பவளப் பாறைக்கு அது நஞ்சு என்று சொல்லி, முழுக்கைச் சட்டை அணிந்துவரத் திருப்பி அனுப்பினார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கடலில் இறங்கியோரைப் படகோட்டி அடிக்கடி தலை எண்ணிக்கொண்டே இருந்தார். கீழே பாரை மீன்கள் ஆயிரக்கணக்கில் தூணாகச் சுழன்றுகொண்டிருந்தன. என்னைக் காத்ததும் அந்த மீன்களைக் காத்ததும் ஒரே கண்காணிப்புதான் என்று அப்போது உணர்ந்தேன்.

பொதுவளம் அனைவராலும் சுரண்டப்பட்டு அழியும் என்று 1968-இல் எச்சரித்தார் காரெட் ஹார்டின். எல்லை தெளிவாக இருந்து, விதிகளைப் பயனாளிகளே வகுத்து, தாமே கண்காணித்தால் அது நிலைக்கும் என்று காட்டி, 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார் எலினார் ஆஸ்ட்ரம். வகுப்பறையில் பல ஆண்டுகள் நான் கற்பித்த பாடத்துக்கு, காபோ புல்மோ கண்முன் நின்ற சான்று.

எனினும், இதை மிகைப்படுத்தக் கூடாது. கான்கூன் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடுகிறது. காபோ புல்மோ சில நூறு பேருக்கு. எல்லா ஊர்களும் காபோ புல்மோ ஆகிவிட முடியாது. அதன் வெற்றியே அதற்கு ஆபத்தாகவும் அமைகிறது. பவளப் பாறைக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 30,000 அறைகள் கொண்ட விடுதி நகரை எழுப்ப ஒரு ஸ்பானிய நிறுவனம் முனைந்தது. மக்கள், அறிவியலாளர்களின் எதிர்ப்பையடுத்து 2012 ஜூனில் அதிபர் கால்டெரோன் அதை ரத்து செய்தார். இரண்டே ஆண்டுகளில், வேறு பெயரில் மற்றொரு திட்டம் முளைத்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது.

மெக்சிகோ சட்டப்படி கடற்கரைகள் அனைத்தும் பொதுச் சொத்து. மக்கள் செல்லும் வழியை மறிப்போருக்கு அபராதம் விதிக்க 2020-இல் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் தேவை, ஆனால், அதை நாள்தோறும் காக்க, அந்தக் கரையையே நம்பி வாழும் மனிதர்கள் வேண்டும்.

"அங்கே பாதுகாப்பு எப்படி?" என்று கேட்ட நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். போகும் முன், அந்தக் கடற்கரையில் எத்தனை பேரை அனுமதிப்பது என்பதை முடிவுசெய்வது யார், நாம் தரும் பணம் யாரைச் சேர்கிறது என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் அவ்வூர் மக்களே விடையென்றால், அஞ்சாமல் செல்லலாம்.